காப்பி கொண்டுவந்தவர் கணக்கில் உண்டா?

(வாசகர் வட்டத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலை, குடும்பம், சொந்த ஆசை. இந்த மூன்றையும் ஒரு டைரியை வைத்துக் கட்டி மேய்க்க முடியுமா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் கேள்வி. முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனைக்கு வருவதற்குள் ஒரு சிவகாசி அச்சகம், ஒரு அமெரிக்கர், ஒரு ஆங்கிலேயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரவேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் வந்துவிட்டால் நம் ஊரில் டைரி புழங்க ஆரம்பித்துவிடும். வங்கி கொடுக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டருக்குக் கொடுக்கிறார். டாக்டர் கம்பவுண்டருக்குக் கொடுக்கிறார். சிமெண்ட் டீலர் மேஸ்திரிக்குக் கொடுக்கிறார். ஜனவரி 1ஆம் தேதிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி. முதல் பக்கத்தில் பெயர், முகவரி, ரத்த வகை, பாலிசி எண் எல்லாம் முத்து முத்தாக எழுதியாகிறது. பொங்கல் வரைக்கும் வண்டி ஓடும். அதற்குப் பிறகு? சலவைக் கணக்கு, வத்தக்குழம்புக் குறிப்பு, பிள்ளைக்கு ரஃப் நோட்டு. தப்பில்லை, காகிதம் வீணாகவில்லை. ஆனால் எதற்காக அச்சிட்டார்களோ அது நடக்கவில்லை.

எதற்காக அச்சிட்டார்கள்? லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் காகிதக் கடை வைத்திருந்த ஜான் லெட்ஸ், 1812இல் தேதி போட்ட டைரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னும் டைரி உண்டு. நடந்ததை எழுதும் டைரி. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதியது அந்த வகை. எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று நடந்து முடிந்ததைப் பதிந்துவைத்தார். லெட்ஸ் விற்ற நோட்டில் இன்னும் விடியாத நாளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. வியாபாரிகளுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் கட்டவேண்டிய பணத்தை இந்த மாதமே கண்ணால் பார்க்க முடிந்ததல்லவா?

சரி, நமக்குத் திட்டம் போடத் தெரியாதா? தெரியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிவகாசிக்குப் போய்ப் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று அங்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு, ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கு நாட்களை அச்சடித்துத் தருபவர்கள் ஆடியிலேயே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். வாங்கி ஆணியில் மாட்டுகிற நாம், மார்கழிக் குளிரில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு 'இந்த வருஷம் என்ன செய்யலாம்?' என்று யோசிக்கிறோம்.

அந்தத் தினசரிக் காலண்டரையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ராகு காலம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தினமும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் பெண் பார்க்கப் புறப்பட மாட்டோம், பத்திரம் பதிய மாட்டோம், புது வண்டியின் சாவியை வாங்க மாட்டோம். மேனேஜர் கூப்பிட்டாலும், "ராகு காலம் கழியட்டும் சார்" என்போம். அவரும் சரி என்பார், அவருக்கும் அதே ராகுதானே! நம்பிக்கை உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. போனால் இந்தக் கூட்டம் நாளைய ராகு காலத்தையும் தாண்டிவிடும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு காரியத்தைத் தொடங்காமல் இருப்பதற்கு ஒன்றரை மணி நேரத்தை ஊரே கூடி ஒதுக்கிவைக்கிறது. ஒரு காரியத்தைச் செய்வதற்கு அரை மணி நேரத்தை ஒதுக்கிவைக்க ஏன் முடியவில்லை?

ராகு காலம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அது சுவரில் இருக்கிறது. எல்லார் கண்ணிலும் படுகிறது. வீட்டில் எல்லாருக்கும் அது ஒரே நேரம். அதனால் அதை யாரும் மீறச் சொல்வதில்லை. நாம் மனசுக்குள் ஒதுக்கிவைக்கும் நேரம் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அதில் கால் வைத்துவிடுகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அமெரிக்கரைப் பார்க்கப் போவோம்.

பெஞ்சமின் பிராங்க்ளின். பிலடெல்பியாவில் அச்சகம் நடத்தியவர். தம் சுயசரிதையில் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் ஒரே பக்கத்தில் வகுத்துக் காட்டியிருக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து, அன்று செய்ய வேண்டியதைத் தீர்மானித்து, கொஞ்சம் படித்து, காலை உணவு முடித்து, 8 மணிக்கு வேலை. 12 மணிக்குக் கணக்குப் பார்ப்பது, படிப்பு, சாப்பாடு. மறுபடி 2 முதல் 6 வரை வேலை. மாலையில் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தல், இரவுச் சாப்பாடு, இசை, பேச்சு, அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல். 10 மணிக்குப் படுக்கை. நேர நிர்வாகம் பற்றிப் பேசும் புத்தகங்கள் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை. அதே சுயசரிதையில் அவர் ஒப்புக்கொண்ட இன்னொரு விஷயத்தைத்தான் பலரும் சொல்வதில்லை. தாம் பழகிக்கொள்ள நினைத்த 13 நற்குணங்களில், ஒழுங்கு என்பதுதான் தமக்கு மிகவும் தண்ணி காட்டியது என்கிறார். கூலிக்கு அச்சுக் கோப்பவனுக்கு அது முடியும், முதலாளிக்குக் கஷ்டம், பார்க்க வருகிறவர்கள் அவரவர் சௌகரியத்துக்குத்தானே வருவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு அவரை அதனாலேயே பிடிக்கிறது.

ஆனால் தாய்மார்களே, அந்தப் பக்கத்தை நீங்கள் படித்தால் முதலில் எது கண்ணில் படும்? காலை உணவு சாப்பிட நேரம் இருக்கிறது. சமைக்க நேரம் இருக்கிறதா? இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. பாத்திரம் தேய்க்க? இல்லை. துணி துவைக்க? இல்லை. காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார? இல்லவே இல்லை. அந்த வீட்டில் டெபோரா என்று ஒரு மனைவி இருந்தார். துண்டுப் பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடையைப் பார்த்துக்கொண்டார், காகிதம் செய்பவர்களுக்காகப் பழைய துணி வாங்கிச் சேர்த்தார். இதையும் பிராங்க்ளினே நன்றியோடு எழுதியிருக்கிறார். நன்றி வேறு பக்கத்தில் இருக்கிறது. நேர அட்டவணையில் டெபோராவுக்கு ஒரு வரிகூட இல்லை. 1764இல் பிராங்க்ளின் லண்டனுக்குப் போனார். பத்து வருஷம் கழித்து 1774இல் டெபோரா இறந்தபோதும் அவர் லண்டனில்தான் இருந்தார்.

இப்போது ஆங்கிலேயர். ஆண்டனி டிரலோப். தபால் துறையில் உத்தியோகம். இங்கிலாந்துத் தெருக்களில் நிற்கும் தபால் பெட்டி இருக்கிறதே, அதற்கான யோசனையைத் துறைக்குக் கொடுத்து, 1852இல் சேனல் தீவுகளில் சோதனையாக வைக்கச் செய்தவர் அவர். உத்தியோகத்தை விடாமலே நாவல் எழுதினார். வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்கள். எப்படி? காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கைக்கடியாரம் இல்லாத காலம், சட்டைப்பை கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம். முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்க்க. பிறகு உடை மாற்றி, காலை உணவு, ஆபீஸ். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு டைரி போட்டு, அதை வாரங்களாகப் பிரித்து, தினமும் எத்தனை பக்கம் ஆயிற்று என்று எழுதிவைப்பார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். மோசமான வாரத்தில் 20. ஒரு முறை 112. சும்மா இருந்த நாட்கள் டைரியில் வெறுமையாக நின்று அவரை முறைக்கும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே எழுதினாராம்.

கைதட்டத் தோன்றுகிறதா? தட்டுங்கள், தகும். ஆனால் அந்த ஐந்தரை மணிக்கு அவரை எழுப்பியது யார்?

வால்தம் கிராஸ் என்ற ஊரில் அவர் வீட்டில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு வயதான வேலைக்காரர். காப்பி கொண்டுவந்து எழுப்புவதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் டிரலோப். எத்தனையோ வருஷம், ஒரு நாள்கூட அந்தக் காப்பி தாமதமாக வந்ததில்லை. தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த மனிதருக்குத்தான் தாம் கடன்பட்டிருப்பதாக டிரலோப் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த புத்தகம் அது. ஐந்தரைக்குக் காப்பி வர வேண்டுமென்றால் அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? இங்கிலாந்துக் குளிரில் அடுப்பு மூட்ட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நாவல்களுக்குப் பக்கக் கணக்கு இருக்கிறது. அந்த வேலைக்காரர் எழுந்த நேரத்துக்குக் கணக்கு இல்லை. எனக்குத் தெரிந்தவரை, டைரி வைத்து முன்னுக்கு வந்தவர்களின் கதைகளில், காப்பிக்காகக் கூடுதல் கூலி கொடுத்ததை வெளிப்படையாக எழுதியவர் இவர்தான். அந்த நேர்மைக்காக ஒரு வணக்கம் வைக்கலாம்.

இதோ, நான் சொன்ன நிபந்தனை வந்துவிட்டது. உங்கள் டைரி வேலை செய்ய வேண்டுமானால், காப்பி கொண்டுவருபவர் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆபீஸ் ஒரு டைரியில், வீடு யாரோ ஒருவரின் ஞாபகத்தில், சொந்த ஆசை எங்கேயும் இல்லை என்று இருக்கும்வரை, எத்தனை விலை உயர்ந்த டைரி வாங்கினாலும் சமநிலை வராது. மூன்றும் ஒரே பக்கத்துக்கு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, செய்பவர் பெயர் வரட்டும்.

யாரோ ஒருவரின் ஞாபகம் என்றேன். யாருடைய ஞாபகம்? ஊகம் வேண்டாம். மத்திய அரசின் புள்ளியியல் துறை நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்துகிறது. முந்தின நாள் விடியற்காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். மொத்தம் 48 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். நாட்டுக்கே சேர்த்து எழுதிய டைரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஆய்வில், கூலி இல்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்கள் 26 பேர். செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிஷம். செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். கவனியுங்கள், அந்த 97, செய்தேன் என்று கை தூக்கிய நான்கில் ஒருவரின் கணக்கு மட்டும். மற்ற மூவரின் கணக்கு பூஜ்யம். 2024 ஆய்வில் பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்தது. பத்து நிமிஷம். மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாருக்கும் நன்றி. அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா? ஆண்களின் நேரமும் 88 ஆகக் குறைந்தது!

புள்ளிவிவரம் போதும். ஒரு சமையலறைக்குள் போவோம்.

மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். மேலே முருகன். கீழே கட்டம் கட்டமாகத் தேதி. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பென்சிலால் '½' என்று பால் கணக்கு. 4ஆம் தேதி மட்டும் '1½', அன்று விருந்தாளி. 9ஆம் தேதி 'பால் இல்லை'. 11: 'சிலிண்டர் மாத்தினது'. 15: 'மாமா சுகர் டெஸ்ட், வெறும் வயிறு'. 18: 'சின்னவன் சார்ட் பேப்பர், பச்சை'. 21: 'தண்ணி வராது'. 27: 'சீட்டு'. பென்சில் ஒரு நூலில் கட்டித் தொங்குகிறது. எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்காக. யாரோ ஒரு பெண் இந்த வீட்டை ஓட்டுகிறார் என்பதற்கு அந்த நூல் ஒன்றே சாட்சி. அவரிடம் போய், "நீங்கள் டைரி எழுதுவீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "எனக்கு எங்கேங்க அதுக்கெல்லாம் நேரம்?" என்பார்.

அதே வீட்டு ஐயாவிடம் ஒரு தோல் அட்டை டைரி இருக்கிறது. 'ரிவ்யூ மீட்டிங்', 'டீலர் விசிட்', 'மாத இலக்கு'. 15ஆம் தேதிப் பக்கத்தில் 'காலை 6.30, திருச்சி'. பெரியவரை வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய அதே 15. பதினான்காம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

"ஏங்க, நாளைக்கு மாமாவை யார் கூட்டிட்டுப் போறது?"

"இப்ப சொன்னா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"காலண்டர்ல எழுதியிருக்கேனே. ஒரு மாசமா இருக்கு."

"சமையக்கட்டுக் காலண்டரை நான் எப்பப் பாக்கறேன்?"

அந்தக் கடைசி வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்த உண்மை. அந்தக் கட்டத்தில் அவருடைய சொந்த அப்பாவின் உடம்பு இருக்கிறது. அவர் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு காலண்டர். இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை. இதில் நேரப் பற்றாக்குறை எங்கே இருக்கிறது? 15ஆம் தேதியை இருவரும் ஒன்றாம் தேதியே சேர்ந்து பார்த்திருந்தால், திருச்சி பதினாறாம் தேதிக்குப் போயிருக்கும், அல்லது தம்பிக்கு ஒரு போன் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, டைரி வாங்குவதல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை, டீ குடிக்கிற நேரத்தில், அரை மணி. இரண்டு காலண்டரும் ஒரே மேஜைக்கு வரட்டும். பெரியவர்களும் உட்காரட்டும். எட்டாவது படிக்கிற பிள்ளையும் உட்காரட்டும். டியூஷன் எப்போது, கிரிக்கெட் எப்போது என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். வரப்போகிற ஏழு நாளையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். முதல் வாரம் சண்டை வரும், சொல்லிவிடுகிறேன். பெயர்களை எழுதிப் பார்த்தால் ஒரே பெயர் பத்துப் பதினைந்து இடத்தில் வரும். ஏழு வருஷமாகத் தெரியாமலிருந்தது ஏழு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தச் சண்டை நல்ல சண்டை, விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் தாராள மனசுக்காரர்கள். "நீ சொல்லு, நான் செஞ்சுடறேன்" என்போம். அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொல்வது யார் வேலை? பச்சை சார்ட் பேப்பர் 18ஆம் தேதி வேண்டும் என்று ஞாபகம் வைத்து, கடை மூடும் முன் உங்களுக்குப் போன் செய்து, வாங்கிவிட்டீர்களா என்று மறுபடி கேட்டு, நீங்கள் நீலம் வாங்கிவந்தால் மாற்றச் சொல்லி... இத்தனையும் ஒரு வேலைதானே? கடைக்குப் போய்வருவது பத்து நிமிஷம். ஞாபகம் வைத்திருப்பது பத்து நாள். பெயர் எழுதுகிறோம் என்றால் ஞாபகமும் அந்தப் பெயருக்கு மாறிவிட வேண்டும். 18ஆம் தேதிக் கட்டத்தில் 'அப்பா' என்று இருந்தால், அம்மா அதை மறந்துவிட உரிமை உண்டு. முழுதாக மறக்க! அது நடக்கும்போதுதான் வீட்டில் ஒருவருக்குத் தலை லேசாகும்.

அடுத்து, தினப் பக்கம். முந்தின நாள் ராத்திரியே எழுதிவிடுங்கள். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுத எழுத, தூக்கம் இன்னும் சீக்கிரம். 2018இல் வெளிவந்த ஆய்வு. நாளைய கவலையைத் தலைக்குள் வைத்திருந்தால் அது நம்மைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கும். காகிதத்தில் இறக்கிவைத்தால் காலைவரை அது அங்கேயே இருக்கும்.

என்ன எழுதுவது? இங்கேதான் கை நீளும். காலையில் யோகா, ஆபீஸில் எட்டு வேலை, மாலையில் மூன்று, ராத்திரி இந்தி படிப்பு. எழுதும்போது நாமெல்லாம் பீமசேனன்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். 1994இல் வெளிவந்த ஆய்வு இது. கெட்டதிலும் கெட்டதை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை! உளவியல் படித்தவர்கள் கதி இது என்றால் நம் கதி?

திருக்குறளில் காலமறிதல் 49ஆம் அதிகாரம். அதற்கு நேர் முன்னால் 48ஆம் அதிகாரமாக எது இருக்கிறது? வலியறிதல். அரசனுக்குச் சொன்ன அதிகாரம்தான். ஆனாலும் வரிசையைப் பாருங்கள். உன் பலம் எவ்வளவு, எடுத்த காரியத்தின் பலம் எவ்வளவு என்று எடைபோட்ட பிறகுதான் காலத்தைப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். நாம் பலத்தைப் பார்க்காமல் கடியாரத்தை மட்டும் பார்க்கிறோம். ஆகவே எழுதிய வேலைகளில் பாதியை அடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் என்று நினைப்பதற்கு ஒன்றரை போடுங்கள். கேஸ்காரர் வருவார், மின்சாரம் போகும், சம்பந்தி வருவார். அவர்களுக்கும் பக்கத்தில் இடம் வேண்டாமா? தினமும் ஒரு மணி நேரத்தை வெறுமையாக விடுங்கள். ஒருவரும் வராவிட்டால் மாடியில் போய் உட்காருங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். சொந்த ஆசை. இதைப் பற்றிப் பேசும்போது நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கல்யாணத்தோடு நின்றுபோன வீணை. பாதியில் விட்ட தையல் டிப்ளமா. மூன்று முறை விண்ணப்பம் வாங்கி, ஒருமுறையும் எழுதாத டி.என்.பி.எஸ்.சி. ஆண்களுக்கும் உண்டு, கேட்டால் "எல்லாம் ரிட்டயர்மென்டுக்கு அப்புறம்" என்பார்கள். அந்த ஓய்வு வருகிறபோது விரல் வீணைக்கு மடங்காது. 'நேரம் கிடைத்தால்' என்று எழுதினால் கிடைக்காது. எப்போது, எங்கே என்று இரண்டு சொல் வேண்டும். 'செவ்வாய், வியாழன், சனி, விடியற்காலை ஐந்தே முக்கால், முன்னறை.' ராகு காலம் மாதிரி அது சுவரில் இருக்கட்டும், வீடு முழுக்கத் தெரியட்டும். டிரலோப் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்றுதான் கணக்கு வைத்தார். 47 நாவல் என்று எழுதிவைக்கவில்லை. நீங்களும் ஒரு வர்ணம், ஒரு பாடம், ஒரு பக்கம் என்று வையுங்கள். முக்கியமான ஒன்று: ஐந்தே முக்காலுக்கு நீங்கள் முன்னறையில் இருந்தால், அந்த அரை மணிக்கு அடுப்பங்கரையில் யார்? அந்தப் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பெயர் இல்லாத ஆசை, மூன்று வாரம் தாண்டாது.

மௌன விரதத்துக்குக் காந்தியடிகள் வாரத்தில் ஒரு நாளை, திங்கட்கிழமையை, வைத்திருந்தார். தலைவர்கள் வருவார்கள், வைஸ்ராய் மாளிகையிலிருந்து ஆள் வரலாம், திங்கள் திங்கள்தான். தேவையானால் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார். நாட்டு விடுதலை காத்திருக்கும்போதே ஒரு நாளைக் காப்பாற்ற முடிந்தது என்றால், நம் அரை மணியை நம் கிளை மேலாளரிடமிருந்து காப்பாற்ற முடியாதா?

முடியாதவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் போனால் நான் சொன்னதெல்லாம் பாதிதான். இந்த ஷிப்டா அந்த ஷிப்டா என்று முந்தின நாள் வரை தெரியாத மில் தொழிலாளி. விடுப்பில் போன சகநர்ஸுக்காக இரட்டை டியூட்டி பார்க்கும் செவிலியர். விடியற்காலை மூன்று மணிக்கு டிப்போவில் நிற்க வேண்டிய பஸ் கண்டக்டர். நான்கு வீட்டில் வேலை செய்யும் அக்கா. நான்கு வீட்டம்மாவும் நான்கு நேரம் சொல்வார்கள். இவர்களுடைய நாளின் பெரும்பகுதி அடுத்தவர் டைரியில் எழுதப்படுகிறது. இவர்களிடம் போய் "திட்டமிட்டு வாழுங்கள்" என்று அறிவுரை சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த அரங்கில் மேலாளர்கள் இருக்கிறார்கள், வீட்டில் உதவிக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னால் ஒட்டுங்கள். "நாளைக்குச் சீக்கிரம் வா" என்பதை இன்று ராத்திரி சொல்லாதீர்கள். உங்கள் ஒழுங்கான டைரியின் செலவை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன டைரி வாங்கலாம் என்று வாசலிலேயே ஒருவர் கேட்டார். காகிதமா, செல்போனா? கணவனும் மனைவியும் இரண்டு ஊரில் வேலை பார்த்தால் கூகுள் காலண்டரில் ஒரு பொதுக் காலண்டர் போட்டுக்கொள்ளுங்கள். அவர் சேர்ப்பது இவருக்குத் தெரியும். வீட்டில் செல்போன் பார்க்காத பெரியவர்கள் இருந்தால் சுவர்க் காலண்டரே மேல். காசு செலவழிக்க மனமில்லையா? பரணில் 2015ஆம் வருஷ டைரி கிடக்கிறதா பாருங்கள். 2026க்குத் தேதியும் கிழமையும் அச்சாகப் பொருந்தும். தீபாவளி, ரம்ஜான் போன்றவை மட்டும் இடம் மாறும், பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரத்துக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதற்கு முன் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாக்களுக்கு மட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. உங்கள் பிள்ளைக்கு நாளைக்கு வெள்ளைச் சீருடையா, கலர்ச் சீருடையா? பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் சொல்ல முடிகிறவர்கள் கை தூக்குங்கள். இரண்டு, மூன்று... பின்வரிசையில் ஒருவர். அவர்களை மேடைக்கு அழைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் விசாரித்து, நாளைய பக்கத்தில் எழுதிவிடுங்கள். இஸ்திரி போடுவது யார் என்ற பெயரோடு.